எடிட்டிங்கிலிருந்து தொடங்கு: பெங்களூரில் பதினாறு வயதில் படம் எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "எனக்கு 16 வயது. அல்சூரில் வீடு, முதல் பியூசி (பதினொன்றாம் வகுப்பு) காமர்ஸ் படிக்கிறேன். படம் இயக்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் இருப்பது அம்மாவின் ஆண்ட்ராய்ட் ஃபோன் மட்டும். கேமரா இல்லை, அனுபவம் இல்லை, சினிமாவில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மூன்று ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன், மூன்றும் இரண்டரை மணி நேரப் படங்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது? படிப்பை விட்டுவிட்டு சென்னை போய்விடலாமா?"

தம்பி, மூன்று ஸ்கிரிப்ட்டையும் பத்திரமாக பீரோவில் வை. கிழித்துப் போடாதே, இப்போதைக்குத் திறக்கவும் வேண்டாம். நீ எடிட்டிங்கிலிருந்து தொடங்கு. எழுதுவது, கேமரா பிடிப்பது, நடிக்க வைப்பது எல்லாம் அதன் பின்னால் வரட்டும்.

நான் பெங்களூரில் எடிட்டராக வேலை பார்க்கிறேன். விளம்பரம், ஆவணப்படம், குறும்படம் என்று எது வந்தாலும் செய்வேன். முதல் படம் எடுத்த பிள்ளைகள் ஹார்ட் டிஸ்க்கோடு வருவார்கள். வாடகைக்கு எடுத்த கேமரா நன்றாகத்தான் இருக்கும், நடித்தவர்களும் உயிரைக் கொடுத்து நடித்திருப்பார்கள். ஆனால் ஒரு ஷாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஷாட்டை வைத்தால் ஒட்டாது. வசனம் முடிந்த நொடியிலேயே கேமராவை நிறுத்தியிருப்பார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் முகம் ஒரு ஷாட்கூட இருக்காது. பேசுகிறவர் இடது பக்கம் பார்ப்பார், பதில் சொல்கிறவரும் இடது பக்கமே பார்ப்பார். வெட்டி ஒட்டிப் பார்த்த பழக்கம் இல்லாமல் எடுக்கப் போனதால் வருகிற குறை இது. எவ்வளவு செலவு செய்தாலும் தீராது. அந்தப் பழக்கத்துக்கு உன் அம்மாவின் ஃபோன் தாராளமாகப் போதும்.

முதல் வாரத்தில் இதைச் செய். வீட்டில் யாராவது ஒருவரின் முகத்தை, பாட்டி என்றால் இன்னும் நல்லது, க்ளோஸ் அப்பில் 20 விநாடி எடு. நடிக்க வேண்டாம், சும்மா ஜன்னல் பக்கம் பார்க்கட்டும். அடுத்து மூன்று ஷாட் தனித்தனியாக எடு: மேஜை மேல் அடிக்காமல் கிடக்கும் ஃபோன் (யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்), திறந்திருக்கும் காலி டிபன் பாக்ஸ், வாசலில் யாரோ கழற்றி விட்ட புதுச் செருப்பு. இப்போது முகம், ஃபோன், மறுபடி முகம் என்று ஒட்டு. அதே போல முகம், டிபன் பாக்ஸ், முகம். பிறகு முகம், செருப்பு, முகம். மூன்றையும் நண்பர்களிடம் காட்டி, பாட்டி என்ன நினைக்கிறார் என்று கேள். ஃபோன் வரவில்லையே என்ற கவலை, பிள்ளை சாப்பிட்டானா என்ற நினைப்பு, வந்திருப்பது யார் என்ற ஆவல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும். முகம் என்னவோ ஒன்றேதான். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பு, ஒரு நடிகரின் ஒரே முகத்தை சூப் தட்டோடும் சவப்பெட்டியோடும் ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டியதும் இதற்காகத்தான். படித்தால் இது ஒரு தகவல், அவ்வளவுதான். உன் பாட்டியின் முகத்தில் நடப்பதைப் பார்த்துவிட்டால் நடிகரிடம் "இன்னும் சோகமா, இன்னும் சோகமா" என்று கேட்கும் இயக்குநராக நீ ஆகமாட்டாய்.

எடிட் செய்ய ஃபோனில் இருக்கும் இலவச ஆப் எதுவும் சரிதான். கம்ப்யூட்டர் கிடைத்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஒரு முழுப் படத்தை முடிக்கலாம். ஆனால் அதற்கு ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். பழைய லேப்டாப் என்றால் ஷாட்கட்டோ கேடென்லைவோ போட்டுக்கொள், இரண்டும் இலவசம். எந்த சாஃப்ட்வேர் உயர்ந்தது என்ற விவாதத்தில் நேரத்தை விடாதே.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வை. உனக்கு மிகவும் பிடித்த படத்தில் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார். ஒரு ஷாட் முடிந்து அடுத்த ஷாட் வருகிற ஒவ்வொரு 'கட்'டிலும் நிறுத்தி எழுது: வைடா (தூரத்திலிருந்து முழு இடமும்), மிட்டா (இடுப்புக்கு மேல்), க்ளோஸா (முகம் மட்டும்); யார் முகம்; கட் எந்த அசைவில் விழுகிறது. முக்கியமான வசனத்தின்போது கேமரா பேசுகிறவர் மேல் இல்லாமல் கேட்கிறவர் மேல் இருப்பதை அடிக்கடி பார்ப்பாய். அது ஏன் என்று நீயே யோசித்து ஓரத்தில் எழுதி வை.

இனி முதல் படம். இரண்டு நிமிடம் போதும், வசனம் வேண்டாம். அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் தெருமுனையில் மரத்தடியில் அயர்ன் வண்டி நிற்கும், பார்த்திருப்பாய். அதை எடுக்கலாம். தேய்க்கிற அண்ணனிடம் முதல் நாள் வெறுங்கையோடு போய்ப் பேசு. என்ன எடுக்கப் போகிறாய், எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று சொல். அவர் சரி என்றால் மட்டும் மறுநாள் ஃபோனோடு போ. வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தை அவரே சொல்லட்டும்.

என்னென்ன எடுக்க வேண்டும்? மரமும் வண்டியும் தெருவும் தெரிகிற ஒரு வைட். பெட்டியின் மூடியைத் திறந்து கரியைப் போட்டு அட்டையால் விசிறும் கை. பொறி பறப்பது தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் எடு. விரல் நுனியில் தண்ணீர் தெளிப்பது. பெட்டி சட்டையின் மேல் ஓடுவது. காலரை மடிக்கும் இரண்டு கட்டைவிரல்கள். அவர் முகம். கட்டிவைத்த துணி மூட்டைகள், அதில் செருகிய வீட்டு எண் சீட்டு. மூட்டையை வாங்க வருகிறவர். பணம் வந்ததும் யூபிஐ பெட்டி சொல்லும் குரல். சில வண்டிகளில் இப்போது கேஸ் பெட்டிதான், கரி இருக்காது. அப்படியென்றால் அதற்கேற்றபடி எடு.

ஒவ்வொரு ஷாட்டிலும் வேலை தொடங்குவதற்கு ஐந்து விநாடி முன்பே கேமராவை ஓடவிடு, முடிந்தபின் ஐந்து விநாடி கழித்து நிறுத்து. வெட்டுவதற்கு இடம் அந்த ஓரங்களில்தான் கிடைக்கும். பெட்டியைத் தூக்கித் துணியில் வைப்பதை வைடில் முழுசாக எடு, அதே செயலை க்ளோஸ் அப்பிலும் முழுசாக எடு. அவர் எப்படியும் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார், திரும்பச் செய்யச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. எடிட்டிங்கில் வைடில் கை கீழே இறங்கத் தொடங்கும்போது வெட்டி, க்ளோஸ் அப்பில் இறங்கி முடிவதை வை. கண் அசைவைப் பின்தொடர்வதால் கட் விழுந்ததே தெரியாது. இதை முதல்முறை சரியாகச் செய்தவுடன் ஒரு சந்தோஷம் வரும், பார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அந்த இடத்தில் வருகிறது.

வண்டிக்கு ஒரே பக்கத்தில் நின்று எடுப்பது முக்கியம். ரோட்டுப் பக்கம் நின்று தொடங்கினால் எல்லா ஷாட்டையும் ரோட்டுப் பக்கமிருந்தே எடு. நடுவில் சுவர்ப் பக்கம் போய்விட்டால் இடமிருந்து வலம் போன பெட்டி அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடம் போகும், பார்ப்பவருக்குத் திசை குழம்பும். 180 டிகிரி விதி என்று வகுப்பில் சொல்வது இதைத்தான்.

இந்தப் படம் முடிந்தபின் அதே வண்டியில் இரண்டாவது படம் எடு. இம்முறை ஒரே ஒரு கற்பனையைச் சேர்: எல்லா மூட்டைகளும் போய்விட்டன, ஒரு பள்ளிக்கூட யூனிஃபார்ம் மட்டும் வாங்கப்படாமல் இருக்கிறது. திங்கட்கிழமை காலை. அவர் சீட்டைப் பார்க்கிறார், ரோட்டைப் பார்க்கிறார். அடுத்து என்ன என்பதை நீ முடிவு செய். ஒருவருக்கு ஒன்று வேண்டியிருக்கிறது, அது நடக்கவில்லை. கதைக்கு இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம். சின்னப் பிள்ளைகளை நடிக்க வைத்தால் அவர்கள் பெற்றோரிடம் கேட்டுவிட்டுச் செய்.

கேமரா விஷயத்தில் சில அமைப்புகளை மட்டும் சொல்கிறேன். 4கே வேண்டாம், 1080பி போதும். ஃபோன் நிரம்பாது, லேப்டாப்பும் திணறாது. திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவும்) பூட்டிக்கொள்ளும். அதைச் செய்யாவிட்டால் வெள்ளைச் சட்டை ஃபிரேமுக்குள் வரும்போதெல்லாம் படம் தானாக இருட்டிப் போகும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மின்னுகின்றன, நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வீட்டுக்குள் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுவது இதனால்தான். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் விநாடியில் 50-இல் ஒரு பங்கு என்று வைத்தால் நின்றுவிடும். உன் ஃபோனின் கேமராவில் இதை மாற்ற முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பை முயற்சி செய், சில ஆண்ட்ராய்ட் ஃபோன்களில் ஓடும்.

லைட்டுக்குச் செலவே வேண்டாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெங்களூர் வானம் பெரும்பாலும் மூட்டமாக இருக்கும், முகத்தில் கடுமையான நிழல் விழாது. வெயில் நாளில் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடு, அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல் தொடங்கு. ஸ்டேஷனரி கடையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் தாள் வாங்கி, நிழல் விழுந்த பக்கம் ஒரு நண்பனைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக எடுப்பவர்கள் கைவிடுவது இதைத்தான். படம் கொஞ்சம் ஆடினாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லை என்றால் அரை நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். ஃபோனின் மைக் நாலடி தள்ளி நிற்கும்போது பக்கத்து ஆட்டோவையும் அண்ணன் குரலையும் ஒரே அளவில்தான் பிடிக்கும். இன்னொரு ஃபோனை இரவல் வாங்கி, குரல் பதிவை ஓடவிட்டு, பேசுகிறவரின் சட்டைப் பையில் வை. ஷாட் தொடங்கியதும் கேமரா முன் ஒருமுறை கையைத் தட்டு. எடிட்டிங் ஆப்பின் டைம்லைனில் கை சேரும் ஃபிரேமையும் ஒலியில் எழும் கூர்முனையையும் பொருத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கிளாப் போர்டு செய்கிற வேலையும் அதுவே.

உங்கள் பகுதியில் மெட்ரோ தலைக்கு மேலே போகிறது. ஒரு ஷாட்டில் ரயில் கடகடவென்று போகிறது, அடுத்த ஷாட்டில் சட்டென்று அமைதி என்றால் கட் பளிச்சென்று வெளியே தெரியும். ரயில் போகும்வரை காத்திருந்து எடு. எச்ஏஎல் விமானத்தளத்துப் பக்கமிருந்து விமானம் வந்தாலும் அப்படியே. எடுத்து முடித்ததும் அங்கேயே யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய். எல்லாக் கட்டுக்கும் அடியில் அதை ஒரே நீளமாக ஓடவிட்டால் தனித்தனியாக எடுத்த ஷாட்டுகள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடந்ததுபோல் ஆகிவிடும். சூடான துணியில் தண்ணீர் பட்டு 'ஸ்ஸ்' என்பது, கரி நொறுங்குவது, பெட்டியை வைக்கும் 'டக்' எல்லாவற்றையும் மிகக் கிட்டத்தில் தனியாகப் பதிவு செய்துகொள்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதே. உரிமை வாங்காத பாட்டு இருந்தால் யூடியூப் பிடித்துக்கொள்ளும், விழாக்களும் ஒதுக்கிவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: காட்சி செய்ய வேண்டிய வேலையைப் பாட்டு செய்துவிடுவதால் உன் எடிட்டிங் சரியா தப்பா என்று உனக்கே தெரியாமல் போகும்.

அல்சூரில் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஏரிக்குப் பக்கத்திலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் முகாம் இருக்கிறது. இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல அந்தப் படையோடு வந்து தங்கியவைதான், ஆனாலும் ராணுவச் சுவர், வாயில், காவலர் எதன் பக்கமும் ஃபோனைத் திருப்பாதே. மெட்ரோ நிலையத்துக்குள் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. கப்பன் பார்க்கும் லால்பாக்கும் தோட்டக்கலைத் துறையின் கீழ் வருபவை, அங்கே ஷூட்டிங்குக்கு அனுமதி வேண்டும். டிரைபாட் விரித்தால் காவலாளி வந்துவிடுவார். சொந்தத் தெரு, மொட்டை மாடி, மாமா கடை, பள்ளி மைதானம் என்று கேட்டால் கிடைக்கிற இடங்களிலேயே முதல் ஐந்து படங்களையும் எடுத்துவிடலாம். ட்ரோன் ஆசை இப்போது வேண்டாம்.

வசனம் எழுதத் தொடங்கும்போது உன் காதை நம்பு. பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் எழுதும் ஸ்கிரிப்ட்டில் எல்லோரும் சென்னைப் படத்தில் பேசுவதுபோலப் பேசுகிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது. உன் வீட்டில் அப்படியா பேசுகிறீர்கள்? அம்மாவிடம் தமிழ், காய்கறிக்காரரிடம் கன்னடம், சிவாஜிநகர் கடையில் உருது, வகுப்பில் இங்கிலீஷ், தமிழுக்கு நடுவிலேயே கன்னட "ஸ்வல்ப" (கொஞ்சம்), "பேடா" (வேண்டாம்). ஒரே மனுஷன் ஒரே தெருவில் பத்தடிக்கு ஒரு பாஷை மாற்றுகிறான், மாற்றும்போது மரியாதையும் குரலும் மாறுகின்றன. இதைச் சென்னையில் உட்கார்ந்து யாரும் எழுத முடியாது. அப்படியே பேசவிட்டுக் கீழே சப்டைட்டில் போடு. கன்னட சப்டைட்டிலும் போட்டால் உன் வகுப்பில் எல்லோரும் பார்ப்பார்கள்.

எடிட் முடிந்தது என்று நினைத்ததும் ஒரு நாள் திறக்காமல் விடு. பிறகு ஒருமுறை சத்தமில்லாமல் பார், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேள். அப்புறம் நாலு பேரை உட்கார வைத்துப் போடு, நீ திரையைப் பார்க்காமல் அவர்களைப் பார். எங்கே ஒருவர் ஃபோனை எடுக்கிறார், எங்கே நெளிகிறார் என்று குறித்துக்கொள். "நல்லா இருக்கு" என்று சொல்வதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நெளிந்த இடத்தில் எத்தனை விநாடி வெட்டலாம் என்று பார்த்தால் படம் இறுகும். அயர்ன் அண்ணனுக்கும் போட்டுக் காட்டு, அவருக்குப் பிடிக்காத ஷாட் இருந்தால் எடுத்துவிடு.

படம் பார்க்கவும் ஆட்களைப் பழகவும் பெங்களூர் நல்ல ஊர். பனசங்கரியில் சுசித்ரா ஃபிலிம் சொசைட்டி 1971-லிருந்து இயங்குகிறது. இந்திராநகரில் கோதே இன்ஸ்டிட்யூட், வசந்த்நகரில் அலையன்ஸ் பிரான்சேஸ், தொம்மலூரில் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர் எல்லாம் அவ்வப்போது படம் திரையிடும் இடங்கள். எல்லாமே அல்சூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு ஓடி வராதே. படம் முடிந்து கேள்வி கேட்கும் நேரத்தில் இரு, உன்னைப்போல வந்திருக்கும் இரண்டு பேரிடம் பேசு. ஒலி பிடிக்கவும் நடிக்கவும் ஆள் அங்கேதான் கிடைக்கும். படம் தேறியபின் பெங்களூர் சர்வதேசக் குறும்பட விழா போன்றவற்றுக்கு அனுப்பலாம், கட்டணமும் விதிகளும் படித்துவிட்டு.

சென்னை போகலாமா என்று கேட்டாய். போக வேண்டாம், இப்போது வேண்டாம். சினிமாவுக்கு வெளியே பிறந்துவிட்டோம் என்ற நினைப்பும் தேவையில்லை. பாலு மகேந்திரா இயக்கிய முதல் படம் 1977-இல் வந்த கன்னடப் படம். மணிரத்னத்தின் முதல் படமும் கன்னடம்தான், 1983-இல் வந்தது, அதற்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. ஒளிப்பதிவாளராகத் தொடங்கிய அவர் பிறகு தன் படங்களை எடிட் செய்யவும் தானே உட்கார்ந்தார். இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படத்தை ஒளிப்பதிவு செய்தவரும், தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளருமான வி.கே. மூர்த்தி படித்தது பெங்களூர் ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில். கோவிந்த் நிஹலானியும் அங்கேதான் ஒளிப்பதிவு படித்தார். அந்தத் துறைதான் பிறகு ஹெசரகட்டாவில் அரசு திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமாக ஆனது. ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்க ஆசை வந்தால் முதலில் அங்கே விசாரி.

"சான்ஸ் வாங்கித் தருகிறேன், போர்ட்ஃபோலியோவுக்குப் பணம் கட்டு" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு வீட்டில் சொல். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பணம் கேட்பதில்லை. 18 வயது வரை கல்லூரி மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களில் ஒலி உதவி, கிளாப், கணக்கு எழுதுவது என்று எதையாவது கேட்டு வாங்கிச் செய். எங்கே ஷூட்டிங், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கட்டும்.

படிப்பை விடாதே. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பட்டப்படிப்பு இருக்கிறது, அகமதாபாத் என்ஐடியிலும் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) திரைப்படத்துக்கு இளநிலைப் படிப்பு உண்டு. 1960-இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியில் இயக்கம், எடிட்டிங் போன்ற முதுநிலைப் படிப்புகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். பி.காம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பியூசியில் காமர்ஸ் எடுத்ததால் சினிமாப் படிப்பின் கதவு உனக்கு மூடிவிடவில்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன; ஒரு ஞாயிறு ஷூட்டிங், அடுத்த ஞாயிறு எடிட்டிங் என்று வைத்துக்கொள், பரீட்சை மாதத்தில் மட்டும் இரண்டையும் நிறுத்திவிடு.